தந்தையாரின் சாய்மேசை

சென்ற ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாத காலம், எங்கள் சித்தூர் வீட்டின் பின்கட்டுத் தாழ்வாரத்தில், ஒரு பழைய சாய்மேசையோடு நான் போராடிக்கொண்டிருந்தேன். மேசை என்றவுடன் நாற்காலியிட்டு அமரும் உயர்ந்த மேசையை அன்பர்கள் எண்ணிவிட வேண்டா. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவரின் மடிக்கு மேலாக வரும் அளவே உயரமுடையது இது. மேற்பலகை எழுதுவோர் பக்கமாகச் சரிந்திருக்கும். அதனைத் தூக்கினால் அடியில் ஒரு பெட்டி. வலப்புறத்தில் மைக்கூடும் பேனாக்கட்டையும் வைப்பதற்கு ஓர் இழுப்பறை. கிராமக் கணக்கர்களும் மண்டிக் கணக்குப்பிள்ளைகளும் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இத்தகைய மேசையின் முன்னேதான் கழித்தனர்.

என் தந்தையார் நீவா நதிக்கரையில், பொன்னை செல்லும் வழியிலிருந்த ஒரு சிற்றூரின் கர்ணம். பாட்டனாரும் அவ்வாறே. மேசை பாட்டனார் காலத்தது. வடஆர்க்காடு மாவட்டத்திற்குச் சித்தூரே தலைநகராயிருந்த நாளில் செய்தது என்பார் தந்தையார். 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வேலூர் வடஆர்க்காட்டின் தலைநகராயிற்று. 1953இல் சித்தூர் ஆந்திரத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி தமிழகத்திற்குத் திரும்பியது. வேலை தேடிக் குடிபெயர்ந்த தமிழர் பலருண்டு. எங்கள் குடும்பமோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எல்லைதான் எங்கள்மேல் நடந்து சென்றது. அதே மேசையின்மேல் பாட்டனார் தமிழில் கணக்கெழுதினார். தந்தையார் தெலுங்கில் எழுதினார். அடங்கல், சிட்டா, ஜமாபந்தி, பசலி என்னும் சொற்கள் மட்டும் இரு மொழிக்கும் பொதுவாய் நின்றன.

எல்லைக்கு அப்பால், தமிழகத்தில், கர்ணம் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. பொன்னைப் பக்கத்து உறவினர் வந்து அதனைச் சொல்லிப் புலம்பியபோது தந்தையார் ஆறுதல் கூறினார். தமக்கும் அது வருமென்று அவர் நினைக்கவில்லை. 1984 ஜனவரி 6ஆம் நாள் ஆந்திர அரசின் அவசரச் சட்டம் வந்தது. பரம்பரைக் கர்ணங்களின் பிடியில் ஏழைக் குடியானவர் பட்ட துன்பத்தை நான் அறியாதவனல்லன்; அச்சட்டத்தைக் குறைகூறவும் இங்கு நான் வரவில்லை. ஆனால், பசலி 1393ஆம் ஆண்டின் கணக்குப் புத்தகங்களைப் பாதியில் மூடித் தாலுகா அலுவலகத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த மனிதர் மறுநாள் காலையிலும் குளித்துத் திருநீறணிந்து அம்மேசையின் முன் சென்று அமர்ந்ததை நான் கண்டேன். மேலே ஒரு தாளும் இல்லை. நண்பகல் வரை அமர்ந்திருந்தார். அடுத்த நாளும் அவ்வாறே.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. வீட்டிற்கு வெள்ளையடித்து, சன்னல்களுக்கு நீல எனாமல் பூசினோம். டப்பாவில் கால்பங்கு எஞ்சியது. அப்போது எனக்கு வயது இருபத்தாறு. தந்தையார் அவ்வாறு வெறுமனே அமர்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை; இரக்கத்தாலா, நாணத்தாலா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. அவர் நிலத்திற்குச் சென்றிருந்த ஒரு மாலையில் மேசையை முற்றத்திற்கு இழுத்து, முழுவதும் நீலம் பூசிவிட்டேன். திரும்பி வந்தவரிடம், “தம்பி படிப்பதற்கு ஆகட்டுமென்று செய்தேன்” என்றேன். அவர் அதனைப் பார்த்தார். “காய்ந்ததும் உள்ளே எடுத்து வை” என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் அதன் முன் அமர்ந்து நான் கண்டதில்லை. அவ்வாண்டே வேலை கிடைத்து நான் வெளியூர் சென்றுவிட்டேன். 1991இல் தந்தையார் மறைந்தார்.

மேசை தம்பியோடு திருப்பதிக்குச் சென்றது. அங்கே அது மாவரைக்கும் இயந்திரத்தைத் தாங்கியது, செருப்புகளைத் தாங்கியது, நீலத்தின்மேல் பழுப்பு வண்ணமும் ஏறியது. சென்ற ஆண்டு தம்பி பழைய வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கியபோது தொலைபேசியில் அழைத்தான். “அண்ணா, பழைய சாமான்காரன் வந்திருக்கிறான். மேசைக்கு எண்ணூறு ரூபாய் தருகிறேன் என்கிறான். கொடுத்துவிடட்டுமா?” கொடுக்க வேண்டா என்றேன். அவன் சிரித்தான். எழுபது கிலோமீட்டர் தொலைவிற்குச் சிறு சரக்கு வண்டி அமர்த்தி மேசையைக் கொண்டுவர ஆன செலவு, அதன் விலையைப்போல் பலமடங்கு. 2022 முதல் திருப்பதியும் தனி மாவட்டம். ஆக, இருந்தபடியே இருந்து பழகிய எங்கள் மேசை, இம்முறை தானே ஒரு மாவட்ட எல்லையைக் கடந்தது.

தொடக்கத்திலேயே ஒரு பெரும்பிழை செய்தேன். உப்புத்தாளை வாங்கி வந்து, தாழ்வாரத்தில் அமர்ந்து, காய்ந்த வண்ணத்தைப் பரபரவென்று தேய்க்கலானேன். நீலமும் பழுப்புமாகத் தூள் பறந்து தரையெங்கும் படிந்தது. அத்தரையில்தான் பத்து மாதப் பேத்தி தவழ்ந்து, கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வேதியியல் கற்பிக்கும் என் மருமகள் பள்ளியிலிருந்து வந்தவள், வாசற்படியில் நின்றபடியே, “மாமா, அது எந்தக் காலத்துப் பெயிண்டு?” என்று கேட்டாள். 1984 என்றேன். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு அவள் விளக்கினாள். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது இயல்பு. நிறம் பளிச்சிடவும், விரைந்து காயவும் அதனைச் சேர்த்தனர். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நாளிலிருந்து நடப்புக்கு வந்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்நஞ்சில், இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாதாம். வேலூர் சென்று குழந்தைக்கு இரத்தச் சோதனை செய்தோம். முடிவு வரும்வரை மருமகள் என்னோடு பேசியது குறைவு. நானும் மேசைப் பக்கம் போகவில்லை. தாழ்வாரத்தை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கவலைக்கு இடமில்லை என்று முடிவு வந்தது. அதுவரை கழிந்த நாட்களைப் பற்றி எழுத விருப்பமில்லை. இவ்வேலையில் இறங்க எண்ணும் அன்பர்களுக்கு இதை மட்டும் சொல்வேன்: பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், தீயிட்டுப் பொசுக்காதீர்கள், குழந்தைகள் இல்லாத வெளியிடத்தில், முகத்தை மூடி, நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைத் தாளில் வாரிக் கட்டுங்கள்.

அவ்வாறே மேசையைத் தோட்டத்து மாமரத்தடிக்கு மாற்றினேன். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு முதிய தச்சரும் துணைக்கு வந்தார். வட்ரங்கி என்று தெலுங்கில் அழைக்கப்படும் குலத்தவர்; பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார். ஆணி அடிக்கப்போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மேசையில் ஆணியே இல்லை. கழுந்தும் துளையும் பொருத்தி, மூங்கில் முளை அடித்து, வச்சிரம் பூசி நிறுத்தியிருந்தனர். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அப்பசை வெந்நீர் பட்டால் இளகும். சூடான ஈரத்துணியைச் சுற்றி, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டியதும் நூறாண்டுக்கு மேற்பட்ட மூட்டு வாய் திறந்தது. “நாளைக்கு இன்னொருத்தன் திறக்கணுமே என்று நினைச்சுச் செஞ்சிருக்காங்க, சார். பெவிகால் போட்டா அவ்வளவுதான், மரம்தான் உடையும்” என்றார் அவர்.

வண்ணத்தினடியில் பழைய மெருகு என்னவென்று அறிய அவர் செய்த சோதனையும் எளியது. ஸ்பிரிட்டில் தோய்த்த துணியை ஒரு மூலையில் வைத்தார், மெருகு பிசுபிசுத்தது. அப்படியானால் அது அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொதியால் ஒற்றி ஒற்றி ஏற்றும் மெருகு அது. புதிய பூச்சு பழைய பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிப்போகும் என்பது அதன் சிறப்பு. வெந்நீர்ச் செம்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது அதன் குறை. அன்று கையிலிருந்த ஸ்பிரிட்டுத் துணியால், கொலுவில் வைக்கும் திருப்பதி மரப்பாச்சியையும் துடைத்தால் அழகாயிருக்குமே என்று எடுத்தேன், துணியெல்லாம் குங்குமமாயிற்று. செம்மரத்தின் சாயம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும் என்பதனை என் மனைவியின் வசவோடு கற்றுக்கொண்டேன்.

மேற்பலகையை இறுதியில் எடுத்துக்கொண்டேன். பழுப்பு போயிற்று, நீலமும் பெரும்பாலும் போயிற்று. ஆனால் பலகையெங்கும் மெல்லிய நீலக் கீற்றுகள் எஞ்சி நின்றன. கறை என்று எண்ணி மேலும் சுரண்டப் போனவன், சாய்ந்த வெயிலில் உற்றுப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். அவை எழுத்துகள். கரித்தாள் வைத்து இரண்டு மூன்று படிகள் எழுத வேண்டித் தந்தையார் அழுத்தி அழுத்தி எழுதிய தடம், தாளையும் தாண்டித் தேக்கில் பதிந்திருந்தது. நான் பூசிய நீலம் அப்பள்ளங்களில் இறங்கித் தங்கிவிட்டது. தெலுங்கு எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சிக்கலாகக் கிடந்தன. ஒன்றையும் படிக்க முடியவில்லை. இடப்பக்க மூலையில் மட்டும் தெளிவாக ஓர் எழுத்து, கோணலும் மாணலுமாய், பத்துப் பன்னிரண்டு முறை: ழ.

தெலுங்குப் பள்ளியில் படித்த எங்களுக்குத் தமிழெழுத்தை இரவில் அம்மேசையில்தான் தந்தையார் கற்பித்தார். தம்பிக்கு ழகரம் எழுதவும் வராது, சொல்லவும் வராது. இன்று திருப்பதியில் அவன் பிள்ளைகள் வீட்டிலும் தெலுங்கே பேசுகின்றனர். நான் அனுப்பும் திருமண அழைப்புகளை அவனே அவர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

“இழைப்புளி பிடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்” என்றார் தச்சர். வேண்டா என்றேன். மீண்டும் வண்ணம் பூசச் சொன்னாள் என் மனைவி. நீலக் கீற்றோடு பார்க்கத் தேமல் போலிருக்கிறதாம். அதுவும் உண்மைதான். ஆயினும் அரக்கு மெருகு மட்டும் ஏற்றினேன். இழுப்பறை ஒன்றுதான் திறக்கவில்லை. பின்பலகையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்றார் தச்சர்; இன்னும் சில நாள் போகட்டும் என்று விட்டுவைத்தேன்.

தை பிறந்து தம்பி வந்தான். நெடுநேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தான். மூலையைப் பார்த்துச் சிரித்தான். நாற்பது ஆண்டுகளாய்ச் சொல்லாததை அப்போது சொன்னேன்: அது அவனுக்காகப் பூசிய வண்ணமன்று, அப்பா அமராதிருக்கப் பூசியது என்று. அவன் ஒன்றும் பேசவில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தான். இடக்கையால் பலகையை அழுத்தி, வலக்கையால் இழுப்பறையைச் சற்றே மேல்தூக்கி இழுத்தான், வந்துவிட்டது. உள்ளே காய்ந்துபோன மைக்கூடும், துருவேறிய இரண்டு பேனாமுள்ளும் கிடந்தன.

“இது உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“நீ பெயிண்டு அடித்ததிலிருந்துதானே அண்ணா இது பிடித்துக்கொண்டது? நீ ஊருக்குப் போன பிறகு, இப்படித் திறக்க வேண்டும் என்று அப்பாதான் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார்.”