இறங்கிப் பார்க்க ஒரு மலை

மலைவாசஸ்தலம் என்றால் ஏறுவதுதான் வழக்கம். சிம்லாவோ மஹாபலேஷ்வரோ, ஜீப் பிடித்து ஏதாவது ஒரு 'பாயிண்ட்'டுக்குப் போய், கம்பி வேலியைப் பிடித்தபடி பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு, சுட்ட சோளக்கதிர் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறோம். மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் இந்தக் கணக்கு தலைகீழ். சுமார் 1,060 மீட்டர் உயரத்தில், ஏறக்குறையச் சமதளமாக விரிந்திருக்கும் பீடபூமியில் ஊரும் ராணுவக் கன்டோன்மென்ட்டும் கடைவீதியும் இருக்கின்றன. பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி அதற்குக் கீழே, பாறைப் பிளவுகளின் அடியில் கிடக்கின்றன. இங்கும் 'பாயிண்ட்'கள் உண்டு. சுமார் 1,350 மீட்டர் உயரமுள்ள தூப்கட், சாத்பூரா மலைத்தொடரிலேயே உயரமான சிகரம். சூரிய அஸ்தமனம் பார்க்க அங்கே ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. மாலையில் போய்க்கொள்ளலாம். பகலைப் பள்ளங்களுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

சென்ற நவம்பரில் நாங்கள் போனபோது எங்கள் கோஷ்டியில் மூட்டுவலிக்கார அம்மாவும் எட்டு வயது மகளும் இருந்தார்கள். இருவரையும் ஒரே பாதையில் நடத்த முடியுமா என்ற சந்தேகம் பிப்பரியா ஸ்டேஷனில் இறங்கும்வரை இருந்தது.

பச்மடியின் பாறை மணற்கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. செங்குத்தான வெடிப்புகள் நிறைந்தது. வெடிப்பு வழியாக இறங்கும் நீர் அதை அகலமாக அறுப்பதில்லை, ஆழமாக அறுக்கிறது. அதனால்தான் இங்குள்ள பள்ளங்கள் ஒடுக்கமாக, இருபுறமும் சுவர் எழுப்பினாற்போல் நிற்கின்றன. வெயில் உச்சிவேளையில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. பாறை தேக்கி வைத்த நீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. சமவெளி கொதிக்கும் மே மாதத்திலும் பள்ளத்தின் தரை ஈரம் காயாது என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள்.

முதலில் ஜடாசங்கர். ஊருக்கு மிக அருகில் இருப்பது, வயதானவர்களுக்கும் ஏற்றது. பஸ்மாசுரனுக்குப் பயந்து சிவபெருமான் ஒளிந்த இடம் என்பது ஐதீகம். பாதை ஒரு பள்ளத்துக்குள் நுழைகிறது. பிறகு படிகள். வீடளவு பாறைகள் இரு சுவர்களுக்கிடையே சிக்கி, தலைக்கு மேலே கூரையாக நிற்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுக் குகைக்குள் கால் வைத்தால் பனிக்கட்டியில் நிற்பது போலிருக்கிறது. சொட்டும் நீர் படிந்து படிந்து வளர்ந்த கல் முளைகளையே லிங்கங்களாக வணங்குகிறார்கள். பாறைக்கு அடியிலிருந்து ஓர் ஓடை புறப்படுகிறது. மேலே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்த அம்மா, கடைசிப் படிவரை இறங்கி நீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். ஏறும்போதுதான் ஆறு இடத்தில் உட்கார்ந்தார். பச்மடியில் இதை மறக்கக்கூடாது. மற்ற மலைகளில் களைப்பு முதலில் வரும். இங்கே அது கடைசியில் காத்திருக்கும். பாதி பலத்தை ஏற்றத்துக்கென்று மிச்சம் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

அருகிலேயே ஹார்ப்பர் குகை. குகை என்பதைவிடப் பாறைத் தாழ்வாரம் எனலாம். உட்கார்ந்தபடி யாழ் போன்ற நரம்புக் கருவியை வாசிக்கும் மனிதனின் ஓவியம் இதற்குப் பெயர் தந்தது. "வீணைன்னு சொன்னா என்ன?" என்றார் அம்மா. இந்த மலைகளில் இப்படிப் பல பாறை ஓவியங்கள் உள்ளன. 1930களில் டி.எச். கார்டன் இவற்றை ஆராய்ந்து எழுதினார். ஓவியனின் கை எட்டிய இடமெல்லாம் நம் கையும் எட்டுகிறது. பக்கத்துப் பாறையில் யாரோ ஒரு ஜோடி கரியால் பெயரெழுதி இதயமும் வரைந்திருந்தது. "இதுவும் பழசா?" என்று மகள் கேட்டாள். எங்களுடன் வந்த கோர்க்கு இளைஞர், போன தீபாவளிக்கு வந்தது என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஊருக்குப் பெயர் தந்தவை பாண்டவர் குகைகள். ஐந்து பாண்டவர்கள், ஐந்து குகைகள். பௌத்தத் துறவிகள் குடைந்தவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. பார்க்க அரை மணி நேரம் போதும்.

குழந்தைகளுக்கான இடம் அப்சரா விஹார். மர நிழலில் நடந்து இறங்கினால் சிறு அருவியும் குளமும். ஓரத்தில் முழங்காலளவு நீர், அருவியின் காலடியில் ஆழம். துணிப்பையும் பூரி டப்பாவுமாகக் குடும்பங்கள் பாறைகளில் பரவிக் கிடக்கின்றன. இவ்வளவு சாதுவான ஓடை, சற்று தூரம் தள்ளிப் போய் ரஜத் பிரபாத் என்ற பெயரில் 100 மீட்டருக்கும் மேற்பட்ட செங்குத்துச் சுவரில் பாய்ந்துவிடுகிறது. குளத்தில் நிற்பவர்களுக்கு அந்த விளிம்பு தெரிவதில்லை. பாசி படிந்த கல்லில் மகள் வழுக்கியது அருவிப் பக்கம்தான். நான் பூரியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கழுத்தளவு போனவளை அந்த இளைஞர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "இங்கே கண்ணைக் கேமராவில் வைக்காதீர்கள், குழந்தை மேல் வையுங்கள்" என்று அவர் இந்தியில் சொன்னது எனக்கு மட்டும் அல்ல, பக்கத்துப் பாறையில் இருந்தவர்களுக்கும்தான்.

இதே ஓடையின் மேற்பகுதியில் ஐரீன் குளம். பின்னாளில் சுப்ரீம் கோர்ட் நீதிபதியான விவியன் போஸின் மனைவி ஐரீன் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர். ஹண்டி கோ என்ற சுமார் 100 மீட்டர் ஆழப் பள்ளமும் உண்டு. அதை மேலிருந்து பார்ப்பதோடு சரி.

தேனீக்களின் ரீங்காரம் போல ஒலிப்பதால் 'பீ ஃபால்' எனப்படும் ஜமுனா பிரபாத்துக்குப் படிகள் அதிகம். ஊருக்குக் குடிநீர் தருவது இந்த ஓடைதான். சோப்புப் போட்டுக் குளிப்பவர்கள் இதை யோசிக்கலாம். அம்மா மேலேயே எலுமிச்சை சர்பத் விற்ற கோண்டு மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்கு இந்தி தெரியாது. நாங்கள் திரும்பி வந்தபோது இருவரும் மூட்டுக்குப் போடும் தைலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வரும் வழியில் இளைஞர் ஒரு பாறை வெடிப்பைக் காட்டினார். துடைப்பக் குச்சி போல ஒரு பச்சைக் கொத்து. சைலோட்டம். உண்மையான வேரும் இலையும் இல்லாத ஆதிகாலத் தாவரம். மர உயரம் வளரும் பெரணிகளும் இந்தப் பள்ளங்களில் இருக்கின்றன. தாவரவியல் மாணவர்கள் வருடா வருடம் இங்கே வருவது இவற்றுக்காகத்தான். நிழலும் கசிவும் இருக்கும்வரை இவை இருக்கும். தொடாமல் பார்க்கச் சொன்னார். மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

பச்மடி நர்மதாபுரம் மாவட்டத்தில் (2022 வரை ஹோஷங்காபாத்) இருக்கிறது. சென்னை-தில்லி பாதையில் இட்டார்சியில் இறங்கி, ஜபல்பூர் வழியில் பிப்பரியாவுக்கு ரயில் மாற வேண்டும். மும்பையிலிருந்து பிரயாக்ராஜ் மார்க்கமாகச் செல்லும் ரயில்களில் பல பிப்பரியாவில் நிற்கின்றன. அங்கிருந்து சாலையில் சுமார் 50 கி.மீ. காட்டுக்குள் உள்ள இடங்களுக்கு வனத்துறை அனுமதி தேவை. அனுமதிச் சீட்டைக் காலையிலேயே வாங்கிவிட்டால் நல்லது. அக்டோபர் முதல் மார்ச் வரை நடக்க உகந்த காலம். மழைக்காலத்தில் அருவிகள் பிரமாதம்தான், ஆனால் குழந்தைகளோடு ஓடையில் இறங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சிவராத்திரிக்கும் நாகபஞ்சமிக்கும் பக்தர் கூட்டம் அலைமோதும். வழுக்காத ஷூ அவசியம். செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடுகள் தொங்கும், ஆகவே அருகில் புகை கூடாது.

பிப்பரியா பிளாட்பாரத்தில் மகளின் நனைந்த ஷூவைச் சூட்கேஸ் மேல் வைத்தோம். இட்டார்சி வந்தபோதும் அது காயவில்லை.