வெண்புழுதிப் பாதையிலே

இத்தாலி தேசம் என்றதும் உரோமாபுரியின் பழம்பெருங் கட்டடங்களும் வெனிஸ் நகரின் நீர்வீதிகளுமே நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது வழக்கம். சென்ற ஐப்பசித் திங்களில் அந்நாட்டுக்குச் சென்றபோது யானும் அவற்றையே காண எண்ணியிருந்தேன். ஆயின், சியெனா நகரிலே கல்வி பயிலும் என் மருமகன் அதற்கு உடன்படவில்லை. "கட்டடங்கள் எங்கும் ஓடிவிடமாட்டா, மாமா. ஒரு நாள் என்னோடு சைக்கிளில் வாருங்கள். கியாந்தி மலையடிவாரத்தைக் காட்டுகிறேன்" என்றான். ஐம்பது வயதைத் தாண்டிய என் முழங்கால்களின் நிலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தையேனும் கேட்டானில்லை.

தஸ்கனி மாகாணத்திலே, வடக்கே புளோரன்ஸ், தெற்கே சியெனா என்னும் இரு நகரங்களுக்கும் இடையே பரந்து கிடப்பது கியாந்தி என்னும் மலைநாடு. கிழக்கெல்லையிலுள்ள மலைத்தொடர் ஏறத்தாழ 890 மீற்றர் உயரம் வரை எழுகின்றது. அதன் அடிவாரக் குன்றுகள் அலையலையாக மேற்கு நோக்கி இறங்குகின்றன. அக்குன்றுகளின் சரிவெங்கும் முந்திரிகைத் தோட்டங்கள். அவற்றுக்கிடையே ஒலிவ மரங்களும், ஓக் மரக் காடுகளும், வரிசை வரிசையாக நிற்கும் சைப்பிரசு மரங்களும் காட்சியளிக்கின்றன. இங்கே பிழியப்படும் முந்திரிகை மதுவுக்குப் பெயர் பெற்ற பூமி இது. 1716ஆம் ஆண்டிலேயே தஸ்கனியின் பெருங்கோமகனான மூன்றாம் கொசிமோ, கியாந்தி மது இன்ன எல்லைக்குள் விளைந்ததாய் இருத்தல் வேண்டுமென ஆணை பிறப்பித்தான்.

இம்மதுப் போத்தல்களிலே கருஞ்சேவலொன்றின் உருவம் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அதற்கு ஒரு கதையுண்டு. புளோரன்சும் சியெனாவும் எல்லைக்காக ஓயாது போராடிய காலத்திலே, அதிகாலையில் சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்படுவதென்றும், இருவரும் சந்திக்குமிடமே எல்லையென்றும் உடன்பாடாயிற்றாம். சியெனா மக்கள் வெண்சேவலொன்றுக்கு நிறைய இரையிட்டுக் கொழுக்க வைத்தனர். புளோரன்சு மக்களோ கருஞ்சேவலொன்றைப் பட்டினி போட்டனர். பசித்த சேவல் விடியுமுன்னே கூவிற்று! புளோரன்சு வீரன் சியெனாவின் வாயிலை அண்மிய பின்னரே மற்றவனைச் சந்தித்தானாம். கதை எவ்வாறாயினும், பசியே முன்னதாக எழுப்பும் என்னும் உண்மை அதில் உண்டு. அவ்வுண்மையை அன்று மாலைக்குள் வேறொரு வகையிலும் கேட்க நேர்ந்தது.

காயோலே என்னும் சிற்றூரிலே இரண்டு துவிச்சக்கரவண்டிகளை வாடகைக்குப் பெற்றுக்கொண்டோம். அங்கிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புரோலியோக் கோட்டையை அடைவதே எங்கள் நோக்கம். முதலில் தார் வீதி. கால்கள் உற்சாகமாக மிதித்தன. பின்னர் மருமகன் பக்கத்துப் பாதையொன்றிலே திரும்பினான். அங்கே தார் இல்லை. வெண்ணிறக் கிறவல் பரப்பிய அப்பாதை முந்திரிகைக் கொடிகளுக்கிடையே வளைந்து வளைந்து மேலே சென்றது. இந்நிலத்திலே சுண்ணாம்புக் கல் மிகுதி. அக்கல்லே பாதையிற் பொடிந்து கிடப்பதால் இவற்றை 'வெண்பாதைகள்' என்று இந்நாட்டவர் அழைக்கின்றனர்.

நம் யாழ்ப்பாணத்திலே முந்திரிகை தலைக்கு மேலே பந்தலிற் படரும். அதன் கீழே நிழலில் நாம் நிற்போம். இங்கேயோ, கொடிகள் இடுப்பளவு, மார்பளவு உயரத்திற் கம்பிகளிற் கட்டப்பட்டு, படைவீரரைப் போல் நிரை நிரையாக நிற்கின்றன. அறுவடை முடியும் தறுவாய். சாஞ்சியோவேசே என்னும் கருநிறக் குலைகள் சிற்சில நிரைகளிலே இன்னும் தொங்கின. மற்றைய நிரைகளிலே இலைகள் மஞ்சளும் செம்மையுமாய் மாறத் தொடங்கியிருந்தன.

காட்சியில் மயங்கிய எனக்குக் கிறவலின் குணம் விரைவிலே புலனாயிற்று. ஏற்றம் செங்குத்தானதும், வழக்கம்போல் ஆசனத்தை விட்டு எழுந்து மிதித்தேன். உடலின் பாரம் முன்னே சென்றதும் பின்சில்லு பிடிப்பிழந்து வெறுமனே சுழன்றது, வண்டி சரிந்தது. விழவில்லை; ஆனால், மானம் போயிற்று. "எழும்பாதீர்கள் மாமா! இருந்தபடியே மெல்ல மிதியுங்கள்" என்று மேலிருந்து மருமகன் கூவினான். இருந்தபடியே மிதித்தும் சில்லு மீண்டும் வழுக்கியது. ஈற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு, வழியருகே நின்ற கல்வீடொன்றின் மதிலோரத்தில் மூச்சு வாங்கினேன்.

அங்கே எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் என் வண்டியின் ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பின்னர் குனிந்து சிறிது காற்றை வெளியேற்றினார். கல்லின் மேலே உருளும் ரயர் கல்லைப்போல் இறுகியிருந்தால் துள்ளும். சற்று மென்மையாயிருந்தாற்றான் நிலத்தைப் பற்றும் என்று கையசைவாலே விளக்கினார். மருமகன் மொழிபெயர்க்க, எங்கள் உரையாடல் தொடர்ந்தது.

அந்த வீடு அவர் பிறந்த வீடு. இப்பொழுது அது வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி. அவருடைய தந்தையார் குத்தகை உழவர். நிலமும் வீடும் பிரபுவுக்குரியன. விளைவிற் பாதி பிரபுவுக்கு, பாதி உழவனுக்கு என்னும் 'மெத்சத்ரியா' முறை இந்நாட்டிலே பல நூற்றாண்டுகளாக நிலவியது. 1964ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட சட்டம், அவ்வாறான புதிய ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. அதற்கு முன்னரே உழவர் குடும்பங்கள் தொழிற்சாலைகளைத் தேடி நகரங்களுக்குப் பெயரத் தொடங்கிவிட்டன. பண்ணை வீடுகள் பல பாழடைந்தன. இவருடைய குடும்பமும் அவ்வாறே சென்றது.

"மழை பெய்தால் இந்தப் பாதையிற் குழி விழும். வயலிற் பொறுக்கிய கல்லைக் கூடையிற் சுமந்து வந்து நானும் தமையனும் நிரப்புவோம். கோடையில் உடுப்பெல்லாம் வெண்புழுதி. பள்ளிக்கூடத்திலே எங்கள் சப்பாத்தைப் பார்த்தே, எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்று சொல்லிவிடுவார்கள். அப்பொழுது ஒருவரும் இதை அழகென்று சொல்லவில்லை. பசி எங்களை இங்கிருந்து எழுப்பி ஓட்டியது. இன்றைக்கு நீங்கள் பணங்கொடுத்து இந்தப் புழுதியைத் தேடி வருகிறீர்கள்!"

அவர் சிரித்தார். சிரிப்பிலே கசப்பு இல்லை. ஆயினும் எனக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை.

அவர் கூறியதிலே மிகை எதுவுமில்லை. மக்கள் சென்ற பின்னர், பாதைகளும் தார் பூசப்பட்டோ, பற்றை மண்டியோ மறையத் தொடங்கின. அவ்வேளையிலே அவற்றைக் காக்க முற்பட்டவர் ஜான்கார்லோ புரொச்சி என்பவர். 1997ஆம் ஆண்டிலே காயோலேயில் அவர் 'லெரோயிகா' என்னும் சைக்கிளோட்டத்தைத் தொடக்கினார். 'வீரமிக்கது' என்பது அப்பெயரின் பொருள். முதலாண்டிலே கலந்துகொண்டோர் 92 பேரே. 1987ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளிலேயே ஓடுதல் வேண்டும். கியர் மாற்றும் கோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருத்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். முந்துவது நோக்கமன்று. மிக நீண்ட வழி 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. இடைவழியிலே பாண் இட்டுக் காய்ச்சிய உழவர் கஞ்சியும், மதுவில் நனைத்துச் சர்க்கரை தூவிய பாணும் வழங்குவார்களாம். பின்னர் 2007ஆம் ஆண்டிலே இப்பாதைகளில் தொழில்முறை வீரருக்கான போட்டியும் ஆரம்பமாயிற்று. சியெனாவின் காம்போ முற்றத்திலே முடிவடையும் அப்போட்டியை இன்று உலகமெங்குமுள்ள சைக்கிள் பிரியர் அறிவர். மறையவிருந்த பாதைகள் இவ்வாறு மதிப்புப் பெற்றன.

புறப்படும்போது முதியவர், "உங்கள் ஊரிலும் இப்படிப் பாதை உண்டா?" என்று வினவினார். உண்டென்றேன். எங்கள் ஒழுங்கையில் என் தந்தையார் நாள்தோறும் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்குப் படிப்பிக்கச் சென்றதையும், மாரியில் அதே ஒழுங்கையிலே வண்டியைத் தோளிற் சுமந்து வீடு திரும்பியதையும் கூறினேன். அவர் தலையசைத்தார். "அப்படியானால் உங்களுக்கு விளங்கும்" என்றார்.

காற்றுக் குறைந்த ரயர் இம்முறை கிறவலைப் பற்றிக்கொண்டது. ஆசனத்தை விட்டு எழாமல், கைபிடியை இறுக்காமல், பத்துப் பன்னிரண்டு அடி முன்னே நோக்கியவண்ணம் மெல்ல ஏறினேன். சைப்பிரசு மரங்களின் நடுவே புரோலியோக் கோட்டை தோன்றியது. 12ஆம் நூற்றாண்டு முதல் ரிக்காசோலி குடும்பத்தாரின் உடைமையாயுள்ள கோட்டை இது. அக்குடும்பத்தவரான பெத்தினோ ரிக்காசோலி, 1861ஆம் ஆண்டிலே ஐக்கிய இத்தாலியின் இரண்டாவது பிரதம மந்திரியானவர்; கியாந்தி மதுவுக்கு எவ்வெம் முந்திரிகைகளைக் கலத்தல் வேண்டுமென வகுத்தவரும் அவரே. வரலாறு அவர் பெயரைக் குறித்து வைத்திருக்கின்றது. கூடையிற் கல் சுமந்த சிறுவரின் பெயரைக் குறித்து வைத்தாரில்லை.

கோட்டையருகே நின்று பார்த்தால், குன்றுகளுக்கு அப்பால் சியெனாவின் கோபுரங்கள் சிறு கோடுகளாகத் தெரிகின்றன. இடையிலே வெண்பாதைகள் பசுமையினூடே நூலிழைகளைப்போல் ஓடுகின்றன. "தார் போட்டிருந்தால் நீங்கள் இறங்கித் தள்ளியிருக்க வேண்டாம், மாமா" என்று மருமகன் கேலி செய்தான்.

தார் போட்டிருந்தால் அந்த மதிலோரத்தில் நின்றிருக்கமாட்டேன். நின்றிராவிடின், இக்காட்சியைக் கண்டு வியந்து, நாலைந்து படங்களெடுத்துக்கொண்டு மீண்டிருப்பேன். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டிய ஊருக்குத் தார் வீதி வேண்டும். அதனை மறுப்பது பேதைமை. புழுதியிலே வாழ்பவனிடம் புழுதியின் அழகைப் பேசுவதும் பேதைமையே. எனினும் எஞ்சியிருக்கும் இத்தகைய பாதைகளைக் காப்பது நன்று. அவ்வாறு காக்கும்போது, அவற்றின் வனப்பை மட்டுமன்றி, அவற்றை நிரவிய கைகளையும் நினைத்தல் வேண்டும்.

இறங்கும்போது அந்தக் கல்வீட்டைக் கடந்தோம். மதிலோரத்தில் எவருமில்லை. நான் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லவே சென்றேன்.