கடல் நடுவே ஒரு சிவாலயம்

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடின் மேற்குக் கரையில் வாட்டர்லூ என்றொரு சிற்றூர். அங்கே, பாரியா வளைகுடாவின் நீருக்குள் வெண்ணிறக் குவிமாடத்துடன் விளங்குகிறது சிவதாஸ் சாது எழுப்பிய சிவாலயம்.

1845 மே 30 முதல் 1917 வரை, ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க இத்தீவுக்கு வந்தனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்து சென்றோரும் உண்டு.

சிறுவயதில் பெற்றோருடன் வந்த சிவதாஸ், தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு 1947இல் கடற்கரையில் சிறு கோயில் ஒன்று கட்டினார். நிலமோ சர்க்கரை நிறுவனத்துக்கு உரியது. இடிக்குமாறு ஆணை வந்தது. இறைவன் உறையும் இடத்தைத் தம் கையால் இடிக்க அவர் இசையவில்லை. 1952இல் கோயில் தகர்க்கப்பட்டது. அவர் 14 நாள் சிறையிருந்தார்.

நிலத்துக்கு உடையவர் உண்டு, கடலுக்கு? மீண்டு வந்தவர் கடலுக்குள் கட்டத் தொடங்கினார். கடல் உள்வாங்கும் வேளை பார்த்து, கல்லும் மணலும் சிமெண்டும் மிதிவண்டியில் சுமந்து சென்றார். நகைத்தோர் பலர். கட்டியதை அலை அரித்தது; மீண்டும் கட்டினார். இறுதிக்காலம் வரை அப்பணி ஓயவில்லை.

இந்தியர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டான 1995இல் ஆலயம் புதுப்பிக்கப்பட்டது. இன்று கால் நனையாமல் சந்நிதி சேரலாம். கோபுரமோ கொடிமரமோ இல்லை. அதைக் குறையெனச் சொல்வதற்கில்லை. கரையில், மூங்கிற்கழிகளில் ஏற்றிய வண்ணக் கொடிகள் கடற்காற்றில் படபடக்கின்றன. அருகிலேயே மயானம், காசிக்குச் செல்ல இயலாத சந்ததியினரின் அஸ்தி அந்நீரிலேயே கரைகிறது.