ஓவர்

வார்டில் வேலை பார்த்த நாட்களில் எனக்குப் பிடித்த நேரம் பகல் இரண்டு மணி. காலை ட்யூட்டி முடிகிற நேரம். அடுத்த நர்ஸ் வந்து நிற்பாள். அவளோடு கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்ல வேண்டும். மூன்றாம் நம்பர் ராத்திரி தூங்கவில்லை. ஏழாம் நம்பர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்குகிறார், வாயைத் திறந்து காட்டச் சொல்லு. பதினொன்று இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தானே தலை வாரிக்கொண்டாள். நர்ஸுகள் இதற்கு வைத்திருக்கிற பெயர் ஓவர். ஓவர் கொடுப்பது, ஓவர் எடுப்பது. கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அத்தனை பேரும் என் தலையிலிருந்து இறங்கிவிடுவார்கள். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது மத்தியானக் குழம்புக்கு என்ன செய்வது என்பதுதான் யோசனையாக இருக்கும்.

2020 மார்ச் 25 அன்று நாடு கதவடைத்தது. தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டதும் அதே நாளில்தான். டாக்டர் போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்க்கலாம், மருந்தும் எழுதலாம். நர்ஸ் எழுத முடியாது. ஆனால் எழுதிய மருந்து வயிற்றுக்குள் போனதா, போய் என்ன செய்கிறது என்று விடாமல் விசாரிக்க ஒரு ஆள் வேண்டுமே. அப்படித்தான் என் வார்டு திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்குக் குடிவந்தது. ஒரு மேஜை, ஒரு ஹெட்செட், ஒரு பட்டியல். வரிக்கு ஒரு ஆள்.

பட்டியலில் பாதி தமிழ், பாதி மலையாளம். கன்னியாகுமரி 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். எல்லைக் கல் மாறியும் வைத்தியத்துக்குக் களியக்காவிளை தாண்டி வருகிற வழக்கம் மாறவில்லை. நாகர்கோவிலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட எனக்கு இரண்டும் ஒரே வாய்தான். எங்கள் ஊரிலும் 'புரிந்ததா' என்பதற்கு 'மனசிலாச்சா' என்றுதான் கேட்போம். ராத்திரி ஒண்ணரை மாத்திரை, காலையில் அரை, மனசிலாச்சா? நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். மனசில்தான் கோளாறு என்று வந்தவரிடம் மனசிலாச்சா என்று கேட்கிறோமே என்று ஒரு நாள் சிரிப்பு வந்தது.

கேரளத்துக்குப் போனில் மனசைத் தாங்குகிற பழக்கம் முன்னமே இருந்தது. 'திசா' என்ற 1056 உதவி எண் 2013 முதல் இந்த ஊரிலிருந்துதான் இயங்குகிறது. நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் உறுதியானதும், தனிமையில் வைக்கப்பட்டவர்களை அரசின் மனநலக் குழுக்களே கூப்பிட்டுப் பேசத் தொடங்கின. அந்தத் திட்டத்துக்கு 'ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு' என்று பெயர். தனியாக இல்லை, கூட இருக்கிறோம். தமிழில் ஒப்பம் என்றால் கையெழுத்து. மலையாளத்தில் கூட இருப்பது. வார்டு நோட்டில் ஒப்பமிட்டே பழகிய எனக்கு இந்தப் பெயர் வேறு விதமாகக் காதில் விழுந்தது.

போனில் முதலில் போவது மூக்கு. வார்டில் பாதி நோயை மூக்கும் கண்ணும் சொல்லிவிடும். குளித்து எத்தனை நாளாயிற்று, நகம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, நடக்கும்போது கை ஆடுகிறதா, மரக்கட்டை போலத் தொங்குகிறதா. ஹெட்செட்டில் இவை ஒன்றும் வராது. வீடியோ வைக்கலாம்தான். ஆனால் மழைக்காலத்து நெட்வொர்க்கில் முகம் சதுரம் சதுரமாக உடைந்து வரும். அதைப் பார்த்து மனநிலை எழுதினால் எல்லோருமே தீவிர நோயாளிதான். அதனால் காதால் பார்க்கப் பழகினேன். 'ஹலோ' வர எத்தனை நேரம் ஆகிறது. நான் கேள்வியை முடிக்குமுன் பதில் பாய்கிறதா. பின்னால் குக்கர் விசில் கேட்கிறதா, பகல் பன்னிரண்டாகியும் வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறதா. கை நடுக்கம் தெரிய வேண்டுமென்றால், டம்ளரில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நாலு அடி நடக்கச் சொல்வேன். சிந்தினால் சொல்லிவிடுவார்கள். சிலர் பொய்யும் சொல்வார்கள். தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

நடுக்கம் என்றதும் ஆற்றுகால் பகவதி கோயில் பொங்கல்தான் நினைவுக்கு வருகிறது. கும்ப மாதம் பூரம் நட்சத்திரம். மாசி வெயில் கொளுத்துகிற நாள். கோயிலைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு. 2009இல் இருபத்தைந்து லட்சம் பெண்கள் கூடினார்கள் என்று கின்னஸில் ஏறிய கூட்டம். விரதம் இருந்து, அடுப்புப் புகையில் உட்கார்ந்து, கோயிலில் தீ கொடுத்து, பொங்கி, நிவேதிக்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு. இதில் மனநிலைக்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். முதலில் கை நடுங்கும், பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம். அதற்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் மயங்கிவிட்டாள் என்று விசிறிக்கொண்டிருப்பார்கள். ஆகவே பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே லித்தியம் வரிகளுக்கெல்லாம் போன் போடுவேன். தண்ணீர் குடிங்க, உப்பு போட்ட கஞ்சி குடிங்க, நிழலில் இடம் பிடிங்க. ஒரு பாட்டி கேட்டார்: "தண்ணி குடிச்சா அம்மை கோவிக்க மாட்டாளா மக்ளே?" இதற்குப் பாடப் புத்தகத்தில் பதில் கிடையாது. "அம்மைக்குத் தெரியாத மாத்திரையா? நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். பழி என் மேல் விழட்டும்.

போன் பறித்துக்கொண்டதைச் சொன்னேன், கொடுத்ததையும் சொல்ல வேண்டும். இங்குள்ள அரசு மனநல மருத்துவமனை 1870இல் தொடங்கியது. பேரூர்க்கடைப் பக்கம், ஊளம்பாறையில். சென்னைக்காரர்கள் கீழ்ப்பாக்கம் என்று கேலி பேசுவதுபோல மலையாளிகளுக்கு ஊளம்பாறை. அந்த ஸ்டாப்பில் இறங்குவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றே வருஷக்கணக்கில் மருத்துவத்தைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். போனுக்கு ஸ்டாப் கிடையாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மனஸ், 14416, நாடு முழுக்க இதைத்தான் செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை இல்லாத ஆஸ்பத்திரி.

வாசல் இல்லாததால் சுவரும் இல்லை. அதுதான் வம்பு. அந்தப் பக்கம் பேசுகிற பெண்ணுக்குத் தனியறை ஏது? மொட்டை மாடி, குளியலறை, துவைகல். மாமியார் பக்கத்தில் இருந்தால் 'கேஸ் புக் பண்ணணும்' என்று சொல்ல வேண்டும் என்று ஒருத்தியோடு பேசிவைத்திருக்கிறேன். அந்த மாதம் எட்டு சிலிண்டர் புக் பண்ணினாள். இந்தப் பக்கம் என் அத்தை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறேன், யார் பெயரையும் உச்சரிப்பதில்லை. ஆனாலும் என் பாதிப் பேச்சு கதவுக்கு வெளியே கசியும். ஒரு நாள் சாப்பாடு போடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "செத்துப்போகலாம்னு தோணுதான்னு யாரையாவது அப்படி மூஞ்சிக்கு நேரா கேப்பாங்களா?" கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டதும் எதிர்முனையில் மூச்சு இளகுவதை எத்தனையோ முறை காதோடு கேட்டிருக்கிறேன். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்லி எவ்வளவோ காலமாயிற்று. அத்தைக்கு இதையெல்லாம் விளக்கினேன். அவர் ரசத்தை ஊற்றிவிட்டு, "நீ அதைக் கேட்டுட்டு வந்து எப்படிச் சாப்பிடறே?" என்றார்.

அதற்குத்தான் பதில் இல்லாமல் இருந்தது. இரண்டு மணிக்கு லாப்டாப்பை மூடுவேன். யாரும் வந்து நிற்க மாட்டார்கள். மூன்றாம் வரியும் ஏழாம் வரியும் என்னோடு அடுப்படிக்கு வருவார்கள். வார்டிலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேர பஸ் இருந்தது, இப்போது ஒரு கதவு. இதைப் பற்றி வேலை கொடுத்தவர்களுக்கு எழுதினேன். மன அமைதிக்கு மூச்சுப் பயிற்சி என்று ஒரு வீடியோவை அனுப்பிவைத்தார்கள். மன்னிக்கவும், அதை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

கோட்டயத்தில் என்னைப் போலவே வீட்டிலிருந்து சாயங்கால ஷிஃப்ட் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். குறிப்பெல்லாம் கணினியில் ஏறிவிடுவதால் நாங்கள் பேசிக்கொள்ளத் தேவையே இல்லை என்பது ஏற்பாடு. ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். "சேச்சி, எனிக்கு ஓவர் தா." அன்றிலிருந்து பகல் இரண்டு மணிக்கு அவளுக்கு ஓவர் கொடுக்கிறேன். கணினியில் ஏற்றியதையே மறுபடி வாயால், வரி வரியாக. எட்டாவது வரி நேற்றைவிட நிதானமாகப் பேசுகிறார். இருபதாவது இன்று சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன வியாழக்கிழமை ஓவர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி கிடந்தது. ஹெட்செட்டோடு மாடிக்கு ஓடினேன்.

"பாக்கி உண்டோ?" என்றாள்.

"பதினாலாவது வரி. மூணு தடவை அடிச்சேன். எடுக்கலை. வீட்டு நம்பரும் எடுக்கலை."

அந்தப் பக்கம் அவள் எழுதுகிற சத்தம் கேட்டது.

"பதினால். செரி சேச்சி, ஞான் எடுத்து."

நான் துணியை எடுத்தேன்.