ஒரு மில்லிமீட்டர் பசை

மூன்றடி மீன் தொட்டிக்கு அளவு எழுதிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 60. தாளை வாங்கிப் பார்த்த கடைக்கார பாய், உயரத்தின் மேல் விரலை வைத்தார். "தம்பி, நீளம் எவ்வளவு வேணா கேளு. ஒசரத்த மட்டும் யோசிச்சு சொல்லு."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீர் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 60 வேண்டாம், 45 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சராசரியாக 22.5 கிராம் அழுத்தம். முகப்புக் கண்ணாடி 4,050 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 91 கிலோ. ஓர் ஆள் தன் முழு எடையையும் போட்டு உள்ளேயிருந்து இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருப்பதற்குச் சமம். நீளத்தை இரட்டித்தால் அந்த விசை இரண்டு மடங்காகும். உயரத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. உயரத்தை 45 ஆகக் குறைத்து, 10 மில்லிமீட்டர் கண்ணாடி கேட்டேன். மீனுக்கும் அதுதான் நல்லது. தண்ணீர் காற்றோடு உறவாடுவது மேல்பரப்பில்தான். உயர்ந்த தொட்டியைவிட நீண்ட தொட்டியில் மீன் சுகமாக இருக்கும்.

நான்கு சுவர்களும் அடிக்கண்ணாடியின் மேல் நிற்க வேண்டும். பக்கக் கண்ணாடிகள் முன்னும் பின்னும் உள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடங்கும். அதனால் அகலம் 45 என்றாலும் பக்கக் கண்ணாடி 45 கிடையாது. இரண்டு பக்கமும் கண்ணாடியின் தடிமன் ஒவ்வொரு சென்டிமீட்டர் போக 43. சிலிக்கோன் பசைக்கு இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விட்டால் 42.8. இந்தக் கடைசிக் கழித்தலை என் முதல் தொட்டியில் நான் செய்யவில்லை.

அது இரண்டடித் தொட்டி. கண்ணாடியோடு கண்ணாடி எவ்வளவு நெருங்கினால் அவ்வளவு உறுதி என்று நம்பி, பசையைப் போட்டு, முழு பலத்தோடு அழுத்தி, கயிறு கட்டி இறுக்கினேன். பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. நான்காம் நாள் தண்ணீர் விட்டதும் கீழ் மூலையில் ஒரு முத்து கசிந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, அந்த மூலையில் புதுப் பசையைப் பூசினேன். மறுபடியும் கசிந்தது. காய்ந்த சிலிக்கோனின் மேல் புது சிலிக்கோன் சரியாக ஒட்டாது. பூசப் பூசத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே வழி தேடிக்கொள்ளும். கடைசியில் பிளேடால் மூட்டுகளை முழுவதும் அறுத்து, ஐந்து கண்ணாடிகளையும் பிரித்து, பழைய பசையின் தடமே இல்லாமல் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, முதலிலிருந்து ஒட்டினேன். சுரண்டுவதற்கு மட்டும் இரண்டு ஞாயிறுகள் போயின.

ஒரு மில்லிமீட்டர் ஏன் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் நிரம்பியதும் முகப்புக் கண்ணாடி மிகச் சிறிதாக வெளியே வளைகிறது. பசை அதோடு சேர்ந்து இழுபட்டு மீள வேண்டும். நசுங்கிப் படலமாகிப் போன பசைக்கு இழுபட இடமில்லை. என் சிறு வயதில் பார்த்த பழைய தொட்டிகளுக்கு இரும்புச் சட்டமும் கண்ணாடியைப் பதிக்கும் புட்டிப் பசையும்தான். புட்டி காலப்போக்கில் இறுகி வெடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். ரப்பர் போல நீளும் சிலிக்கோன் வந்த பிறகே சட்டம் இல்லாத தொட்டி சாத்தியமானது.

சென்னை கொளத்தூரில் தொட்டி கட்டுபவர்களின் கைகளை மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன். மூலையில் ஒரே இழுப்பு, நடுவில் நிறுத்துவதே இல்லை. நிறுத்திய இடத்தில் காற்றுக் குமிழ் உட்காரும். பசை போட்டுச் சில நிமிடங்களிலேயே மேல்தோல் கட்டிவிடும்; அதற்குள் விரலால் வழித்து, ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பையும் உரித்துவிட வேண்டும். அதன் பிறகு கை படக்கூடாது. பசை காய்வது காற்றில் உள்ள ஈரத்தால். சென்னைக் காற்றில் அதற்குக் குறைவில்லை. ஆனாலும் பசை வெளியிலிருந்து உள்ளே மெல்லத்தான் காயும். மேலே தொட்டால் ரப்பராக இருக்கும், உள்ளே இன்னும் களிம்பாக இருக்கும். காயும்போது வினிகர் வாடை வரும். அந்த வாடை முற்றிலும் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், தொட்டியைத் தொடாதீர்கள். பசை வாங்கும்போது உறையைப் படியுங்கள். குளியலறைக்கென்று விற்பதில் பெரும்பாலும் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு.

கண்ணாடியின் வெட்டிய விளிம்புகளை, வாட்டர் பேப்பர் எனும் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்காமல் எடுத்தால் கை கிழியும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் வேண்டும். ஒரு மணல் துணுக்கு அடியில் மாட்டினாலும் முழு எடையும் அந்தப் புள்ளியில் இறங்கும். தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து என் மூன்றடித் தொட்டி 200 கிலோவைத் தாண்டுகிறது.

முதல் தண்ணீரை மொட்டைமாடியில் விட்டேன். கால் பங்கு, ஒரு நாள். அரைப் பங்கு, இன்னொரு நாள். பிறகு முழுதாக. மூட்டுகளின் வெளிப்புறத்தில் காய்ந்த செய்தித்தாள் துண்டுகளை வைத்து, காலையில் எழுந்ததும் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்று காலையும் தாள் காய்ந்தே இருந்தது.

அதன் பிறகும் மீன் வாங்க அவசரப்படாதீர்கள். மீன் கழிவில் பிறக்கும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மணலிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியை உங்கள் கையால் கட்டுங்கள். மீனைக் கடைசியாக வாங்குங்கள்.