ஆச்சி போட்ட கணக்கு

உங்கள் வீட்டில் பழைய 'லை' எழுதுகிறவர் யாராவது இன்னும் இருக்கிறாரா? யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்குமே, அந்த 'லை'! இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி-யை அணைத்துவிட்டு அவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். ஏகப்பட்ட சங்கதிகள் கிடைக்கும்.

எனக்கு அப்படி எங்கள் ஆச்சியிடம் கிடைத்தது. போன வருஷம், 93 வயதில் போய்ச் சேர்ந்தாள். கோவில்பட்டி பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் 1951-ல் ஆரம்பப் பள்ளி டீச்சராகச் சேர்ந்தவள், 1989-ல் ஓய்வு பெற்றாள். 38 வருஷமும் ஒண்ணாப்பு முதல் அஞ்சாப்பு வரைதான். ஊருக்கே 'டீச்சரம்மா'. பேரன் எனக்கும் அங்கே சலுகை கிடையாது. பள்ளிக்கூடத்துக்குள் 'ஆச்சி' என்று கூப்பிட்டால் அவளுக்குக் காதே கேட்காது. 'டீச்சர்' என்றால்தான் திரும்புவாள்.

பாடம் சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமில்லை. இத்தனை நாள் சொன்னதை மாற்றிச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரிய காரியம். ஆச்சியின் தலைமுறை டீச்சர்களுக்கு அந்தச் சோதனை திரும்பத் திரும்ப வந்தது.

1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. இனிமேல் 100 நயா பைசா. ஓர் அணாவுக்கு 6, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. 'பன்னெண்டும் ஆறும் பதினெட்டுதானே டீச்சர், பத்தொம்பது எப்படி?' என்று ஒரு பொடியன் கேட்டிருக்கிறான். பி.காம். படித்த என்னைக் கேட்டால் 'ரவுண்டிங் ஆஃப்' என்று ஒரே வார்த்தையில் தப்பித்திருப்பேன். ஆச்சி கடலை மிட்டாய் வாங்கிவந்து, வகுப்பில் வைத்து உடைத்தாளாம். ''ஓர் அணான்னா ஆறேகால் மிட்டாய். மூணு அணா சேர்ந்தா பதினெட்டே முக்கால். முக்கால் மிட்டாயை உடைச்சுக்கிட்டு இருக்காம, சர்க்கார் முழுசா ஒண்ணு குடுத்துடுச்சுல்லா!'' உடைந்த மிட்டாய் கேள்வி கேட்டவனுக்கு.

பிறகு வீசை போய் கிலோ வந்தது. படி போய் லிட்டர் வந்தது. 1978-ல் எழுத்தே மாறியது. பெரியார் 1935-லேயே தன் 'குடி அரசு' பத்திரிகையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். அரசு அவருடைய நூற்றாண்டையொட்டி ஆணையாகவே போட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகளுக்குப் புது உருவம். ஒரே ஹாலில் அஞ்சாப்புப் பையன் பழைய 'லை' போடுகிறான், ஒண்ணாப்புக் குழந்தை புது 'லை' போடுகிறது. ஆச்சிக்கு அப்போது 47 வயது. ராத்திரி சிலேட்டை எடுத்துவைத்துக்கொண்டு அவளே எழுதிப் பழகினாளாம்.

ஆனால், கடைசி வரை அவள் கைப்பட எழுதிய மளிகை லிஸ்ட்டில் கடலை, தேயிலை எல்லாம் தும்பிக்கையோடுதான் இருக்கும். கேட்டால், ''போர்டுல எழுதுறது சர்க்கார் கை. இது என் கை'' என்பாள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்ன கதைகள். சிரிக்காமல் சொன்ன கதை ஒன்று உண்டு.

எழுபதுகளில் அந்த வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடியும் முன்பே வந்து நிற்கும். மழை பொய்த்தால் கரிசலில் வேலை கிடையாது. அதனால் எட்டு வயசு, ஒன்பது வயசுப் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிவிடுவார்கள். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட சின்ன விரல்தான் தோது. முக்கால்வாசி பொம்பளைப் பிள்ளைகள். ஆச்சி வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். ''பிள்ளைய அனுப்பும்மா...''

''நீங்க சம்பளம் வாங்குறீங்க டீச்சரம்மா. எங்களுக்கு இவ சம்பளம்தான் கஞ்சி!''

இதற்கு எந்த டிரெயினிங் ஸ்கூலில் பதில் சொல்லிக்கொடுத்தார்கள்? 1982-ல் சத்துணவு வந்தபோது கொஞ்சம் பிள்ளைகள் திரும்பின. எல்லோரும் அல்ல. மத்தியானச் சோறு ஒரு வயிற்றுக்கு. வேன் கூலி நாலு வயிற்றுக்கு!

வேனை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் ஆச்சி வேறொன்று செய்தாள். பிள்ளைகளுக்குக் கூலி எண்ணிக்கைக்குத்தான். எண்ணுவது மேஸ்திரி. அவர் சொன்னதுதான் கணக்கு. ''உழைக்கிறதத் தடுக்க முடியல. ஏமாறுறதயாவது தடுப்போம்னு நெனச்சேன்'' என்றாள். ராத்திரி வேன் திரும்பியதும், எங்கள் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு. ஆளுக்கொரு நோட்டு. தேதி, எத்தனை அடுக்கினாய், என்ன கூலி, கையில் வந்தது எவ்வளவு. நான் கல்லூரியில் பற்று-வரவு படித்ததற்கு ரொம்ப முன்பே, அந்தத் திண்ணையில் பாவாடை கட்டிய பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒருநாள் வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டாராம். ஆச்சி ஒரு நோட்டை எடுத்து நீட்டி, ''தப்பிருந்தா காட்டுங்க, திருத்திக்கிறோம்'' என்றாளாம். அவர் காட்டவில்லை.

இந்த மாதிரிக் கட்டுரையில், 'அவரிடம் படித்த ஒருவர் இன்று கலெக்டர்' என்று ஒரு வரி வரவேண்டும். மன்னிக்கவும்... ஆச்சியிடம் படித்தவர்களில் கலெக்டர் கிடையாது. கண்டக்டர் உண்டு, கொத்தனார் உண்டு, டீக்கடைக்காரர் உண்டு. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட நூற்றுக்கணக்கான பெண்கள் உண்டு. ஜெயித்தாளா என்று கேட்டீர்களானால், ''பாதிக்கு மேல தோத்துட்டேன்ல'' என்பாள். திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்களை 90 வயதிலும் வரிசையாகச் சொல்வாள். காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோயிருக்கும்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தல்காரர் பில்லை நீட்டினார். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பர்ஸை எடுத்தேன். பக்கத்தில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மாளுக்கு அறுபது வயசு இருக்கும். ''இங்க குடுங்க தம்பி'' என்று பில்லை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினார்.

''சேர் நூறுதான் வந்துச்சு. நூத்தி இருபதுன்னு போட்டிருக்கு!''

பந்தல்காரர் தலையைச் சொறிந்தார். அந்த அம்மாள் என்னிடம் பேனா வாங்கி, அடித்துத் திருத்தி, கீழே புதுக் கூட்டுத் தொகையை எழுதினார். பக்கத்தில் எழுத்தாலும் எழுதினார்... 'நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் இல்லை, நாலாயிரம்தான்' என்று!

அந்த 'இல்லை'யில் தும்பிக்கை இருந்தது.