மணிலாவிலிருந்து வந்த மை

வீரன் ஒருவன், எழுதியவர் ஒருவர், பென்சில் பிடித்த கையும் ஒன்றுதான். ஆனாலும் கதை நடக்கும் உலகம் மட்டும் வேறாகத் தெரிகிறது. 1974இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் கோனன் என்ற வாள்வீரனை வைத்து இரண்டு இதழ்களை நடத்திக்கொண்டிருந்தது. ஒன்று 1970இல் தொடங்கிய வண்ண இதழான 'கோனன் த பார்பேரியன்'. மற்றொன்று அந்த ஆண்டு புதிதாக வந்த, பெரிய அளவுக் கறுப்பு வெள்ளை இதழான 'த சாவேஜ் ஸ்வோர்ட் ஆஃப் கோனன்'. இரண்டையும் எழுதியவர் ராய் தாமஸ். இரண்டிலும் அப்போது பெரும்பாலும் வரைந்தவர் ஜான் பியூசெமா. வண்ண இதழில் கோனன் ஓடுகிறான், தாவுகிறான், வெட்டுகிறான். பின்னணி அவன் பாய்ச்சலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. கறுப்பு வெள்ளை இதழின் 2ஆம் எண்ணில் வெளியான 'பிளாக் கொலோசஸ்' கதையிலோ பின்னணி ஒதுங்குவதே இல்லை. தூணுக்கு வயது தெரிகிறது, பாறைக்கு எடை தெரிகிறது. கோனன் கதைகளை வாள் சண்டையிலிருந்து ஒரு தொல்லுலகக் கனவாக உயர்த்துவது இந்தப் பழமைதான் என்பது என் எண்ணம். அது எங்கிருந்து வந்தது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. முதல் விடை, கோனனைப் படைத்த ராபர்ட் ஈ. ஹோவர்ட். 1932 டிசம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் கோனனை அறிமுகப்படுத்திய அவர், 'பிளாக் கொலோசஸ்' கதையை 1933இல் அதே இதழில் எழுதினார். பாழடைந்த நகரத்தில் பழங்கல்லறை ஒன்றை ஒரு திருடன் திறக்கப்போவதில்தான் அக்கதையே தொடங்குகிறது. பழமை எழுத்திலேயே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வண்ண இதழும் ஹோவர்டின் கதைகளிலிருந்துதான் எடுத்தது; அங்கே இந்தக் கனம் கிடைக்கவில்லை. இரண்டாவது விடை ஃபிராங்க் ஃபிரசெட்டா. 1966 முதல் லான்சர் நிறுவனத்தின் கோனன் நூல்களுக்கு அவர் தீட்டிய அட்டைகள்தான் அந்த வீரன் எப்படி நிற்பான், எப்படி முறைப்பான் என்பதை வாசகர் மனத்தில் பதித்தன. ஆனால் ஃபிரசெட்டாவின் எண்ணெய் ஓவியம் பின்னணியை இருளிலும் புகையிலும் கரைத்துவிடும். நான் தேடும் பக்கங்கள் அதற்கு நேர்மாறானவை. அங்கே எதுவும் கரைவதில்லை. ஒவ்வொரு கல்லையும் எண்ணிவிடலாம். ஆக, பெரிய பெயர்களை விட்டுவிட்டு அந்தப் பென்சில் கோடுகளுக்கு மை தீட்டியவரிடம் போக வேண்டியிருக்கிறது. அவர் பெயர் அல்ஃபிரெடோ அல்காலா.

பிலிப்பீன்ஸின் நீக்ரோஸ் தீவிலுள்ள தாலிசாயில் 1925இல் பிறந்தவர் அல்காலா. படிப்பைப் பாதியில் விட்டவர். விளம்பரப் பலகை எழுதியவர். இரும்புப் பட்டறையில் விளக்குகளுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் வடிவம் வரைந்து கொடுத்தவர். 1948இல் காமிக்ஸுக்கு வந்து, விரைவிலேயே நாட்டின் முன்னணி ஓவியர்களில் ஒருவரானார். உதவியாளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தனியாகவே வரைந்தார். அடிக்கடி தொட்டுக்கொள்ளும் நேரம் மிச்சமாக, மை தானே இறங்கும் தூரிகை ஒன்றைத் தனக்கென்று உருவாக்கிக்கொண்டார். 1963இல், தன் பெயரிலேயே வெளிவந்த இதழில் 'வோல்டார்' என்ற தொடரைத் தொடங்கினார். எங்கோ ஒரு பழங்காலத்தில் வாளேந்தித் திரியும் வீரனின் கதை அது. இங்கே ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது பயன் தரும். இந்தக் கதைவகைக்கு 'வாளும் மந்திரமும்' என்ற பொருளில் ஃபிரிட்ஸ் லைபர் ஆங்கிலத்தில் பெயர் சூட்டியது 1961இல். இரண்டே ஆண்டுகளில் வோல்டார் வந்துவிட்டான். ஃபிரசெட்டாவின் கோனன் அட்டைகளுக்கு அவன் மூன்று ஆண்டு மூத்தவன். மார்வெலின் கோனனுக்கு ஏழு ஆண்டு மூத்தவன். பிற்காலத்தில் நம்மை வியக்கவைத்த நெருக்கமான, செதுக்கியது போன்ற கோடுகள் அந்தப் பக்கங்களில் ஏற்கெனவே முழுமையாக இருக்கின்றன. 1971இல் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசியின் கார்மைன் இன்ஃபாண்டினோவும் ஜோ ஆர்லாண்டோவும் ஓவியர்களைத் தேடி மணிலா போனபோது, அல்காலா கற்றுக்கொள்ள எதுவும் பாக்கியிருக்கவில்லை. அவர் அமெரிக்காவில் குடியேறியது 1976இல்தான். 'பிளாக் கொலோசஸ்' அதற்கு இரண்டு ஆண்டு முந்தையது.

அந்தக் கோடு ஏன் அந்த இதழுக்கு அவ்வளவு பொருந்தியது என்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. வண்ண இதழுக்கு மை தீட்டுபவர், தனக்குப் பின்னால் ஒருவர் வண்ணம் நிரப்புவார் என்பதை மனத்தில் வைத்தே தீட்டுவார். விளிம்பைத் தெளிவாக இழுத்துவிட்டு உள்ளே இடம் விடுவார். பகலா இரவா, சதையா உலோகமா என்பதை வண்ணம் சொல்லிவிடும். கறுப்பு வெள்ளையில் அந்தத் துணை கிடையாது. விட்ட இடம் விட்ட இடமாகவே அச்சேறும். 'சாவேஜ் ஸ்வோர்ட்' 4ஆம் எண்ணில் வந்த 'அயர்ன் ஷேடோஸ் இன் த மூன்' கதையில் இரும்புச் சிலைகள் நிலவொளி பட்டு உயிர்பெறுகின்றன. இரும்பு, சதை, கல், நிலவொளி ஆகிய நான்கையும் ஒரே கறுப்பு மையால் பிரித்துக் காட்டியாக வேண்டும். அல்காலா கோடுகளின் நெருக்கத்தையும் திசையையும் மாற்றியே இதைச் செய்கிறார். கோடு வெறும் எல்லையாக நிற்காமல் பொருளின் மேற்பரப்பாகவே ஆகிவிடுகிறது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு: மை தீட்டுபவர் இன்னொருவர் போட்ட கோட்டின் மேல் போகிறவர்தானே, அவருக்கு எப்படி இவ்வளவு உரிமை? கோனனின் உடல், பாய்ச்சல், பார்வைக் கோணம் எல்லாம் பியூசெமாவுடையவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் பியூசெமாவின் வண்ணப் பக்கங்களுக்கு மை தீட்டிய எர்னி சானையும் பாருங்கள். அவரும் பிலிப்பீன்ஸில் பிறந்தவர்தான். அவர் கையில் அதே பென்சில் கோடுகள் வேகமும் வெளிச்சமுமாக வெளிப்பட்டன. மாறியது மை ஒன்றுதான். அல்காலாவின் நெருக்கமான கோடு நாட்டு வழக்கம் அல்ல, ஒரு தனிமனிதரின் பார்வை என்பதும் இதனாலேயே தெரிகிறது. இரண்டாவது மறுப்பு: இவ்வளவு கோடுகள் பியூசெமாவின் வேகத்தை அமுக்கிவிடுகின்றன. சண்டைக் கட்டங்களைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்கிறேன். ஓங்கிய வாள் சில இடங்களில் உறைந்து நிற்கத்தான் செய்கிறது. ஆனால் ஹோவர்டின் கதைகளில் சண்டை சில பத்திகளில் முடிந்துவிடும். பாழ்நகரம் கதை முழுக்க இருக்கும். எதை இழந்து எதைப் பெறுவது என்ற கணக்கில் அல்காலா பக்கமே தராசு சாய்கிறது.

மூன்றாவது மறுப்பே கடினமானது: வோல்டார் மட்டும் தானாக முளைத்தவனா? இல்லை. 1946 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த பிலிப்பீன்ஸில் அமெரிக்கச் சித்திரக்கதைகள் தாராளமாகப் புழங்கின. லூ ஃபைன் என்ற அமெரிக்க ஓவியரை அல்காலா போற்றினார். ஹால் ஃபாஸ்டரின் 'பிரின்ஸ் வேலியன்ட்' 1937 முதலே வந்துகொண்டிருந்தது. இன்னும் பின்னால் போனால், இண்டியானாவில் வளர்ந்த ஃபிராங்க்ளின் பூத் நிற்கிறார். இதழ்களில் வந்த மரச்செதுக்குப் படங்களைப் பேனாவால் வரைந்தவை என்று நம்பி, சிறுவயதில் நகலெடுத்துப் பழகியவர் அவர். நெருங்கிய கோடுகளால் நிழல் கட்டும் மரபின் முக்கியக் கண்ணி ஒன்று அப்படி ஒரு தவறான புரிதலில் பிறந்தது. ஆகவே என் முடிவைச் சுருக்கியே சொல்ல வேண்டும். கோட்டை அல்காலா கண்டுபிடிக்கவில்லை. அந்தச் செதுக்குக் கோட்டை வாள்வீரனின் உலகத்தோடு சேர்த்து, மார்வெலின் கோனன் காமிக்ஸ் பிறப்பதற்கு முன்பே மணிலாவில் முதிரவைத்திருந்தார். நான் சொல்வது சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்றுண்டு. 'பிளாக் கொலோசஸ்' பக்கம் ஒன்றை விரித்து, அதில் கோனனை மட்டும் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பது 1963இலேயே வோல்டார் நடந்து திரிந்த நிலம்.